ஒன்டாரியோ ஏரியில் கொக்கிவால் தெள்ளு: ஆறு கோல் ட்ரோலிங் படகை மாற்றிக் கட்டும் விதம்

கொக்கிவால் தெள்ளு என்பது தூண்டில் நரம்பில் திரளாக ஏறி அடைத்துக்கொள்ளும் சிறு நீர் உயிரி. அதைச் சமாளிக்க ட்ரோலிங் படகை, அதாவது ஓடிக்கொண்டே பின்னால் போலி இரைகளை இழுத்து மீன் பிடிக்கும் படகை, எப்படி மாற்றிக் கட்டுவது என்பதே இங்கு பேச்சு. ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில், நியூயார்க் மாநிலத்தின் ஓல்காட் முதல் ஓஸ்வீகோ வரையுள்ள துறைகளிலிருந்து ஜூலை இறுதியில் சினூக் சால்மனுக்குப் புறப்படும் இருவர் படகை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட ஒருவருடைய படகை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. அந்தக் கரையில் பரவலாகக் காணப்படும் கட்டமைப்பு இதுதான். பின்புறம் இரண்டு டவுன்ரிக்கர் (கம்பியில் தொங்கும் குண்டால் நரம்பை ஆழத்துக்கு இறக்கும் கருவி) கோல்கள், ரீலில் 15 பவுண்ட் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு). பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிப்சி டைவர் (நரம்பில் மாட்டி இழுத்தால் ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் போகும் தட்டு) கோல்கள், ரீலில் 30 பவுண்ட் பிரெய்ட் (பின்னிய நரம்பு). ஒரு பக்கம், நரம்பைப் படகிலிருந்து விலக்கி ஓட்டும் மிதவைப் பலகையில் மாட்டிய 300 அடி செம்பு நரம்பு. மறுபக்கம் பலகையில் மாட்டிய 10 நிற ஈயநரம்பு (உள்ளே ஈயம் வைத்து நெய்தது, 10 கஜத்துக்கு ஒரு நிறம்). இவ்விரண்டுக்கும் பின்நரம்பு, அதாவது ரீலில் அவற்றுக்கு அடியில் சுற்றியிருப்பது, பிரெய்ட். மே, ஜூன் மாதங்களில் இந்த அமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய நரம்பு ஆழமாக இறங்கும், பிரெய்ட் மீன் தொட்டதை உடனே காட்டும்.

ஜூலையில் அதே படகு, அதே அமைப்பு. மேல்நீர் 22 டிகிரி செல்சியஸ், 60 அடிக்கு அருகில் வெப்பம் சட்டென்று இறங்குகிறது, 80 அடியில் 10 டிகிரி. மீன் அங்கேதான் நிற்கிறது. அரை மணி நேரம் இழுத்த பிறகு டிப்சி கோல்கள் மீன் மாட்டியதுபோல் வளைந்து நிற்கின்றன, ஆனால் மீன் இல்லை. சுற்றி எடுத்தால் நரம்பு நெடுக நனைந்த பஞ்சுபோல் ஒரு கொழகொழப்பு, அதில் கருப்புப் புள்ளிகள். அது கோல் முனை வளையத்தில் வந்து திரண்டு அடைத்துக்கொள்கிறது, ரீல் சுற்ற மறுக்கிறது. இந்த நேரத்தில் 25 பவுண்ட் சினூக் ஒன்று மாட்டியிருந்தால், மீன் படகை நோக்கி ஓடிவரும்போது தளர்ச்சியை இழுத்துக்கொள்ள வழியில்லை. தூண்டில் முள் கழன்றுவிடும். கோடையில் "மாட்டியது, ஆனால் போய்விட்டது" என்று சொல்லப்படும் மீன்களில் கணிசமான பங்கு இப்படிப் போனவையே.

கருப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கண். கொழகொழப்பு அவற்றின் உடல்களும் வால்களும்.

எந்த உயிரி, எப்போது வந்தது

வட அமெரிக்கப் பேரேரிகளில் தொல்லை தருபவை இரண்டு இனங்கள். இரண்டும் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நீரில் வந்தவை. முள்வால் தெள்ளு எனப்படும் பைதோட்ரெஃபஸ் ஐரோப்பாவின் வடபகுதியையும் ஆசியாவையும் சேர்ந்தது. 1982இல் ஒன்டாரியோ ஏரியில் முதலில் கண்டறியப்பட்டு, 1987க்குள் ஐந்து பேரேரிகளிலும் பரவிவிட்டது. வாலுடன் சேர்த்து 1 முதல் 1.5 செ.மீ. நீளம், அதில் பெரும்பகுதி வால்தான். வாலில் நேரான முட்கள் ஜோடி ஜோடியாக இருக்கும்.

கொக்கிவால் தெள்ளு எனப்படும் செர்கோபேகிஸ் கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்தது. 1998இல் ஒன்டாரியோவிலும், 1999இல் மிச்சிகன் ஏரியிலும் நியூயார்க்கின் ஃபிங்கர் ஏரிகள் சிலவற்றிலும் கண்டறியப்பட்டது. உடல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். ஆனால் வாலைச் சேர்த்தால் 1 செ.மீ. அளவுக்கு நீளும், அந்த வாலின் நுனி கொக்கிபோல் மடங்கி வளைந்திருக்கும். ஒன்டாரியோ ஏரியில் நரம்பை அடைப்பது பெரும்பாலும் இதுவே. அங்கு மிகுந்திருக்கும் ஏல்வைஃப் மீன்கள் முள்வால் தெள்ளை விரும்பித் தின்பதால் அந்த இனம் இந்த ஏரியில் தலைதூக்குவது குறைவு.

ஜூனில் தொல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஏரியடியில் குளிர்காலத்தைக் கழித்த உறக்க முட்டைகளிலிருந்து வசந்தத்தில் பொரிக்கும் கொக்கிவால் தெள்ளுகளின் முதல் தலைமுறைக்கு வால் குட்டையானது, நேரானது, நுனியில் வளைவு கிடையாது. அவை நரம்பில் சரியாகத் தொற்றுவதில்லை. அதன் பிறகு ஆண் துணையின்றிப் பெண்களே பெற்றுத் தள்ளும் தலைமுறைகள் நீண்ட, வளைந்த வாலோடு வருகின்றன. நீர் சூடேறச் சூடேற எண்ணிக்கை பெருகுகிறது. ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை உச்சம். மேல்நீர் குளிரும்போது மறுபடி உறக்க முட்டை இடும் காலம் வருகிறது. கரையேறும்போது செய்யவேண்டியதை முடிவு செய்வது இந்த முட்டைதான், அதைக் கடைசியில் பார்ப்போம்.

நரம்பின் தடிமன்தான் முதல் முடிவு

ட்ரோலிங் சாமான் வாங்கும்போது பலரும் கோல், ரீல், ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) என்று தொடங்கி நரம்பில் முடிக்கிறார்கள். தெள்ளு உள்ள ஏரியில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நரம்பை முதலில் முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். நரம்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ரீல், பழைய கிளிப் இறுக்கம், பழைய ஆழக் கணக்கு ஆகியவற்றை அப்படியே வைத்திருப்பவர்கள்தான் "தடித்த நரம்பு மீன் பிடிக்காது" என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

காரணம் எளிது. தெள்ளின் வால் நரம்பைச் சுற்றி மடங்கிப் பிடிக்க வேண்டும். நரம்பு மெல்லியதாக இருந்தால் வால் எளிதாகச் சுற்றிக்கொள்ளும், முட்கள் மாட்டும். முதல் தெள்ளு மாட்டியபின் அடுத்தது அதன் வாலிலேயே மாட்டும், அப்படித்தான் திரள் வளர்கிறது. தடித்த, வழுவழுப்பான நரம்பில் வாலுக்குப் பிடிப்பு கிடைப்பதில்லை, நீரோட்டமே தெள்ளைப் புரட்டித் தள்ளிவிடுகிறது. பிரெய்ட் மெல்லியது, அதோடு பின்னல் உள்ளது, ஆகவே இரண்டு வழியிலும் கெட்டது.

தோராய விட்டங்களைப் பாருங்கள். 30 பவுண்ட் பிரெய்ட் 0.28 மில்லிமீட்டர். 15 பவுண்ட் தங்கூசி 0.38. 20 பவுண்ட் தங்கூசி 0.45. 30 பவுண்ட் தங்கூசி 0.55. தெள்ளுக் காலத்தில் 20 பவுண்டுக்குக் கீழே எதுவும் வேண்டாம். 30 பவுண்ட் தங்கூசியே நம் அளவுகோல். சினூக்கின் பலத்துக்கு 30 பவுண்ட் தேவைப்படுவதால் இதைச் சொல்லவில்லை, 20 பவுண்டே போதும். தடிமனுக்காகவே 30. "பிளீ லைன்" என்ற பெயரில் கடைகளில் விற்பவையும் பெரும்பாலும் தடித்த, கடினமான, வழுவழுப்பான தங்கூசி வகைகளே. எண்ணெய், சிலிகான் தடவினால் போதும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம், சில மணி நேர இழுவைக்கு அந்தப் பூச்சு தாங்காது.

தெள்ளு முழுவதும் ஒழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உச்ச நாட்களில் 30 பவுண்ட் தங்கூசியிலும் ஏறும். ஆனால் திரள் சிறிதாக இருக்கும், கையால் சுண்டினால் உதிரும்.

டவுன்ரிக்கர் கோல்கள்

இந்த இரண்டும் சரிசெய்ய எளியவை. 30 பவுண்ட் தங்கூசியை முழு ஸ்பூலுக்கும் ஏற்றலாம். கொள்ளளவைக் கணக்கிட விட்டங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்த வேண்டும். 20 பவுண்ட் தங்கூசி 400 கஜம் கொள்ளும் ரீலில் 30 பவுண்ட் ஏறத்தாழ 265 கஜமே கொள்ளும். ரிக்கர் கோலுக்கு அது போதும்.

ரீலில் அடி காட்டும் எண்ணி இருந்தால் அது இனிப் பொய் சொல்லும். அந்த எண்ணி ஸ்பூல் எத்தனை முறை சுழல்கிறது என்பதை மட்டுமே அறியும், ஒரு சுழற்சிக்கு எவ்வளவு நரம்பு என்பது ஸ்பூல் எந்த அளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நரம்பின் சுற்று விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், எண்ணி 100 அடி என்று காட்டும்போது உண்மையில் 90 அடிதான் போயிருக்கும். கரையில் 100 அடி அளந்து குறி வைத்து, ரீலிலிருந்து இழுத்துப் பார்த்து, வித்தியாசத்தை ரீலின் மேல் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

ஸ்பூனுக்கு முன்னால் கட்டும் நுனித் துண்டாக 20 பவுண்ட் ஃபுளோரோகார்பன் நரம்பு, 6 முதல் 8 அடி. மெல்லிய நரம்பு இங்கே எப்படித் தகும்? கொக்கிவால் தெள்ளு அடர்ந்திருப்பது சூடான மேலடுக்கில், ஸ்பூன் ஓடுவது அதற்குக் கீழே குளிர்நீரில். மேலடுக்கைக் கடந்து செல்வது முதன்மை நரம்புதான், அடி வாங்குவதும் அதுவே. நுனித்துண்டின் நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. நுனித்துண்டை முதன்மை நரம்போடு சேர்க்கும் சுழல் இணைப்பான சுவிவல், கோலின் முனை வளையத்தைத் தொடுவதற்கு முன்னால் மீன் வலைக்குள் வந்துவிட வேண்டும். சறுக்கி வரும் தெள்ளெல்லாம் சுவிவலில்தான் வந்து நிற்கும், 9 அடிக் கோலில் 8 அடிக்கு மேற்பட்ட நுனித்துண்டு போட்டால் அந்தத் திரளை வளையத்துக்குள் இழுக்க நேரிடும். சுவிவல் சிறியதாக, பால் பேரிங் வகையாக இருக்கட்டும், முடிச்சின் வால்நுனியை ஒட்ட நறுக்குங்கள். அரை சென்டிமீட்டர் வால்நுனி விட்டாலும் தெள்ளு அதில் குடியேறும்.

நரம்பைக் குண்டோடு பிடித்து, மீன் இழுத்ததும் விட்டுவிடும் கிளிப்பின் இறுக்கத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தடித்த நரம்பு ரப்பர் பட்டைக் கிளிப்பில் ஆழமாக உட்கார்ந்தால் சிறிய மீன் அதைக் கழற்றாது. படகு அதை ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போகும், யாருக்கும் தெரியாது. மிக மேலோட்டமாக வைத்தால், கோல் முனைக்கும் கிளிப்புக்கும் இடையே வயிறு தள்ளி நிற்கும் நரம்பின் இழுப்பும் அதில் ஏறிய தெள்ளின் இழுப்பும் சேர்ந்து, மீனே இல்லாமல் கழன்றுவிடும். பட்டையின் நடுப்பகுதியில் வைத்து, கோலை நன்றாக வளைத்து நிறுத்தி, கிளிப்பிலிருந்து பின்னால் போகும் நரம்பைக் கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும். காரணமின்றி இரண்டு முறை கழன்றால் கிளிப்பை இறுக்குவதற்கு முன் நரம்பைப் பாருங்கள், பெரும்பாலும் தெள்ளுதான் ஏறியிருக்கும்.

டவுன்ரிக்கரின் எஃகுக் கம்பியிலும் தெள்ளு ஏறும். அது மீனைப் பாதிக்காது, ஆனால் குண்டை மேலே எடுக்கும்போது கப்பியில் திரண்டு அடைக்கும். தானாக நிற்கும் வசதியுள்ள ரிக்கர்களில் நிறுத்து மணியைத் திரள் முன்னதாகவே தள்ளிவிட்டால் குண்டு நீருக்கடியிலேயே நின்றுவிடும், மோட்டாரும் திணறும். கடைசி 20 அடியை மெதுவாக எடுத்து, ஈரத் துணியால் கம்பியை வளைத்துப் பிடித்து வழித்துவிட்டால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அறுந்த கம்பிப் பிசிறு கையைக் கிழிக்கும்.

டிப்சி கோல்கள்

தெள்ளு மிக மோசமாகத் தாக்குவது இவற்றைத்தான். டிப்சி நரம்பு மேலடுக்கில் சாய்வாக நீண்டு கிடக்கிறது. சாய்ந்த நரம்பில் மோதும் தெள்ளு நீரோட்டத்தோடு பின்னால் சறுக்கி, டைவருக்கு முன்னாலுள்ள முடிச்சில் போய்க் குவியும். குவியல் பெரிதானால் டைவர் சரிவர மூழ்காது. ஆழம் குறையும், ஸ்பூன் மீனுக்கு மேலே ஓடும். கோல் மட்டும் கனமாக வளைந்து நின்று எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும்.

முழு ஸ்பூலையும் மாற்ற வேண்டியதில்லை. பிரெய்டை அடியில் விட்டு, அதன் மேல் 300 அடி 30 பவுண்ட் தங்கூசியை இணைத்தால் போதும். இணைப்பு முடிச்சு எப்போதும் ரீலுக்குள்ளேயே இருக்க வேண்டும். 300 அடி தங்கூசி இருந்தால் 250 அடிக்கு மேல் விடாதீர்கள். முடிச்சு நீருக்குள் போனால் அதுவே தெள்ளுக்கு முதல் தங்குமிடம்.

பிரெய்டிலிருந்து தங்கூசிக்கு மாறும்போது மூன்று விஷயங்கள் மாறுகின்றன. முதலாவது, ஆழம். தடித்த நரம்புக்கு நீர் எதிர்ப்பு கூடுதல், அதே அளவு நரம்பு விட்டால் டைவர் முன்பைவிட மேலே ஓடும். பிரெய்டுக்கு எழுதிய ஆழ அட்டவணையை நம்பக் கூடாது. ஆழம் தெரிந்த, சரிவு மெதுவான மணல் திட்டின் மேல் அதே வேகத்தில் ஓட்டி, எத்தனை அடி நரம்பில் டைவர் தரையைத் தொடுகிறது என்று பார்த்துப் புது அட்டவணை போடுவது ஒரு காலை வேலை. ஆழம் போதாவிட்டால் பெரிய அளவு டிப்சிக்கு மாறலாம், அல்லது டைவரைச் சுற்றிக் கூடுதல் வளையம் மாட்டலாம்.

இரண்டாவது, டைவரைக் கழற்றுவது, அதாவது எளிதாகச் சுற்றி எடுக்க அதன் மூழ்கும் பிடியை விடுவிப்பது. தங்கூசி இழுபடும் தன்மையுள்ளது. 200 அடிக்கு அப்பால் இருக்கும் டைவரைக் கோலை வெட்டி இழுத்துக் கழற்ற முயன்றால், அந்த வெட்டு முழுவதையும் நரம்பே விழுங்கிவிடும். டைவரின் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். கழற்றும்போது கோலை டைவரை நோக்கி நீட்டி, இறுக்கம் முழுவதும் வரும்வரை ரீலைச் சுற்றி, பிறகு ஒரே வீச்சில் மேலே தூக்க வேண்டும். திருகின் இறுக்கத்தைப் படகருகே 20 அடி நரம்பில், இழுவை வேகத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது லாபக் கணக்கு. பிரெய்டுக்கும் எஃகுக் கம்பிக்கும் டைவருக்குப் பின்னால் ரப்பர் அதிர்ச்சி தாங்கி அவசியம், இல்லையென்றால் சினூக்கின் முதல் அடியில் நுனித்துண்டு அறும். தங்கூசிக்கு அது வேண்டாம், நரம்பே அந்த வேலையைச் செய்கிறது. தெள்ளு தங்க ஓர் இடமும் குறைகிறது.

ஏழு இழை எஃகுக் கம்பியை டிப்சிக்குப் பயன்படுத்துவோர் இக்கரையில் நிறைய. கம்பி பிரெய்டை விடக் குறைவாகப் பிடிக்கும், பிடித்ததும் எளிதில் உதிரும், ஆழமும் நன்றாகக் கிடைக்கும். ஆனால் கம்பிக்காகக் கோல் முனையில் மாட்டும் சுருள் வில்லில் தெள்ளு போய்ச் சிக்கினால் எடுப்பது தங்கூசி வளையத்தைவிடக் கடினம், உருளை வளையத்திலும் அப்படியே. கம்பியைக் கையாண்டு பழகியவர்களுக்கு அது நல்ல தேர்வு. புதிதாகத் தொடங்குகிறவர் தங்கூசியோடு நிற்பது மேல். கம்பி ஒருமுறை மடிந்து முறுக்கிக்கொண்டால் அந்த இடத்தில் அறும், தெள்ளை வழிக்கும் அவசரத்தில்தான் அப்படி மடியும்.

செம்பும் ஈயநரம்பும்

ஈயநரம்பின் மேலுறை நெய்த நைலான். தெள்ளுக்கு அதைவிட வசதி வேறில்லை. 10 நிறமென்றால் 100 கஜம், அதுவும் நிறத்துக்கு ஏறத்தாழ 5 அடி வீதமே இறங்குவதால் பெரும்பகுதி சூடான மேலடுக்கிலேயே கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை ஈயநரம்புக் கோலைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். சுத்தம் செய்ய எடுக்கும் நேரத்துக்கு அது தரும் மீன் ஈடாகாது.

செம்பு வேறு. உலோக மேற்பரப்பு, நல்ல தடிமன், ஈயநரம்பை விட வேகமாக மூழ்கும் கனம். 45 பவுண்ட் செம்பு 300 அடி விட்டால் சால்மன் இழுக்கும் வேகத்தில் 60 முதல் 70 அடி ஆழம் கிடைக்கும். சிக்கல் அதன் பின்நரம்பில் இருக்கிறது. செம்பு முழுதும் வெளியே போனபின் நீரின் மேல்மட்டத்தில், தெள்ளு மிக அடர்ந்த இடத்தில், ஓடுவது பின்நரம்புதான். அது பிரெய்டாக இருந்தால் செம்பு தெள்ளின்றி வரும், பின்நரம்பு அடைத்துக்கொண்டு வரும்.

பின்நரம்பு முழுவதையும் தங்கூசியாக்க முடியாது. 0.55 மில்லிமீட்டர் தங்கூசி, 0.28 மில்லிமீட்டர் பிரெய்டைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இடம் கேட்கும், ரீல் கொள்ளாது. அதனால் செம்பை ஒட்டி 150 அடி தங்கூசி, அதற்கு அடியில் பிரெய்ட். பலகையை மாட்டுவதும், பலகையிலிருந்து படகுவரை வருவதும் இந்த 150 அடிக்குள் அடங்கிவிடும். பெரிய மீன் ஓடினால்தான் பிரெய்ட் வெளியே வரும், அது சில நிமிடக் கதை. இணைப்பு முடிச்சுகள் இரண்டும் மெலிதாக, வளையங்களில் தடையின்றிப் போகிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையின் பின் கிளிப் தெள்ளைச் சேர்த்து வைக்கும். மீனோடு பலகை அருகில் வந்ததும் அதைக் கழற்றுமுன் கிளிப்புக்கு அப்பாலுள்ள திரளை வழித்துவிட வேண்டும், கழற்றிய பிறகு அது நேராக முனை வளையத்துக்கு வரும்.

ஆறு கோல் வேண்டாம்

மேலே சொன்னபடி மாற்றினால் ஐந்து கோல்கள் மிஞ்சும். உச்ச நாட்களில் அதையும் நான்காகக் குறைப்பது நல்லது. கணக்குப் பாருங்கள். ஒரு கோலைச் சுற்றி எடுத்து, வழித்து, மறுபடி ஆழத்தில் நிறுத்த 4 முதல் 5 நிமிடம் ஆகும். அடர்ந்த தெள்ளில் ஒவ்வொரு கோலையும் அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆறு கோலென்றால் சுத்தம் செய்யும் சுற்று முடிவதற்குள் முதல் கோலின் முறை மறுபடி வந்துவிடும், இருவரில் ஒருவர் நாள் முழுவதும் அதே வேலையில் இருப்பார். நான்கு கோலென்றால் 20 நிமிட வேலை, பிறகு மீனைத் தேட நேரம் மிஞ்சும். சுத்தமாக ஓடும் நான்கு ஸ்பூன்கள் அடைத்துக்கொண்டு ஓடும் ஆறைவிட அதிகம் பிடிக்கும். சோதிக்கும்போது இடம், வலம் என மாற்றி எடுங்கள், ஒரே பக்கம் இரண்டையும் ஒன்றாக எடுத்தால் திரும்பும்போது மற்றவை சிக்கும்.

கோல் முனையில் வளையம் பெரிதாக இருப்பது உதவும். ரீலில் நரம்பைப் பரப்பும் நகர்கண்ணிலும் தெள்ளு உலர்ந்து ஒட்டும், நாளுக்கு இரண்டு முறையாவது தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

மீன் மாட்டியபின் திரள் வந்தால்

முனை வளையம் அடைத்துக்கொள்ளும் கணத்தில் பெரும்பாலோர் கோலை உயர்த்துகிறார்கள். அதைச் செய்யக் கூடாது. கோலைத் தாழ்த்தி முனையை நீருக்குள் விடுங்கள், பக்கவாட்டில் அசையுங்கள். படகு நகர்ந்துகொண்டிருப்பதால் இறுக்கம் தளராது, நீரின் வேகமே திரளில் ஒரு பகுதியைக் கழுவிவிடும். படகை நிறுத்தவே கூடாது, நின்ற படகில் நரம்பு தளர்ந்தால் மீன் போயிற்று.

உதவிக்கு நிற்பவர் முனைக்கு முன்னாலுள்ள நரம்பைக் கையின் விளிம்பால் தட்டிச் சுண்ட வேண்டும். நரம்பை விரலில் சுற்றிப் பிடித்து உருவுவது ஆபத்து, மீன் ஓடினால் விரல் வெட்டுப்படும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கைக்கெட்டும் இடத்தில் கட்டி வையுங்கள், வளையத்திலிருந்து வெளிப்புறமாகத் தேய்க்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், திரளுக்குள் நரம்பு எங்கே என்று தெரியாது. ரீலின் பிரேக்கை ஒரு படி தளர்த்தி வைத்தால், வழிக்கும் நேரத்தில் மீன் ஓடினாலும் நரம்பு அறாது.

எங்கே ஓட்டுவது

தெள்ளு ஏரி முழுவதும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. சூடான மேல்நீர் எங்கே குவிகிறதோ அங்கே அதுவும் குவியும். தென்கரையில் கிழக்குக் காற்று இரண்டு நாள் தொடர்ந்தால், புவிச் சுழற்சியின் விளைவால் மேல்நீர் கரையை விட்டு வடக்கே நகரும், அடியிலிருந்து குளிர்நீர் கரையோரம் எழும். தெள்ளு அந்த வெந்நீரோடு வெளியே போகும், மீன் கரைக்கு அருகில் வரும். மேற்குக் காற்று இதற்கு எதிர்மாறானது, தென்கரையில் வெந்நீரைக் கொண்டுவந்து அடுக்கும். எதிர்க்கரையில், டொரண்டோவிலும் தமிழர் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவிலும் இருந்து படகெடுப்பவர்களுக்கு இது தலைகீழ். அங்கே மேற்குக் காற்றுதான் குளிர்நீரை எழுப்பும்.

ஆகவே காற்றின் வரலாற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓரிடத்தில் எல்லாக் கோலும் அடைத்தால் அங்கேயே சுற்றிச் சுற்றிச் சுத்தம் செய்வதைவிடக் கோல்களை எடுத்துவிட்டுச் சில கிலோமீட்டர் நகர்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மற்ற ஏரிகளுக்கு இதே அமைப்பை அப்படியே கொண்டுபோக முடியாது. சுப்பீரியர், ஹூரான் போன்றவற்றில் முள்வால் தெள்ளே முதன்மை. அது குளிர்ந்த நீரையும் விரும்புவதால் ஆழத்திலும் கிடைக்கும், அங்கே நுனித்துண்டையும் தடிமனாக்க வேண்டியிருக்கும். ஃபிங்கர் ஏரிகளில் ஏரி ட்ரவுட்டுக்குப் பயன்படும் சேத் கிரீன் கட்டு இன்னும் கடினம். ஒரே முதன்மை நரம்பிலிருந்து பல கிளைகள் பிரியும் அந்தப் பழைய முறையில் ஒவ்வொரு கிளை இணைப்பும் தெள்ளு சேரும் இடம். கோடை உச்சத்தில் கிளைகளை இரண்டாகக் குறைப்பதே வழி.

ஏரியை விட்டுக் கிளம்பும்போது

விஸ்கான்சினின் மென்டோடா ஏரியில் 2009இல் முள்வால் தெள்ளு கண்டறியப்பட்டது. பாசியை மேய்ந்து நீரைத் தெளிவாக வைத்திருந்த டாஃப்னியா என்ற சிறு நீர் உயிரியை அது தின்று குறைத்தது, நீரின் தெளிவு ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்தது. நியூயார்க்கின் சேக்கன்டாகா ஏரிக்கு 2008இலும், சாம்ப்ளேன் ஏரிக்கு 2014இலும் இந்த இனம் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை புகுந்த ஏரியிலிருந்து இதை நீக்கிய முறை எதுவும் கிடையாது. தூண்டில்காரர்களின் நரம்பும் கயிறும் வாளியும் இது பயணிக்கும் வழிகளில் முக்கியமானவை.

கரையேறும்போது உயிருள்ள தெள்ளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, உலர்ந்தால் அது சாகும். அஞ்ச வேண்டியது உறக்க முட்டையை. மீனின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தாலும் அது பிழைக்கும். செப்டம்பர், அக்டோபரில் நரம்பிலிருந்து வழித்த திரளில் இந்த முட்டைகளைச் சுமக்கும் பெண்கள் நிறைய இருக்கும். திரளைப் படகுத் தரையில் உதறாமல் ஒரு பையில் போட்டுக் கரையில் குப்பைத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள். மீன் தொட்டி, படகடி நீர், தூண்டில் இரை வாளி எல்லாவற்றையும் அதே கரையில் வடித்துவிட வேண்டும். வேறு ஏரிக்குப் போவதற்கு முன் குறைந்தது 5 நாள் உலர விடவும். அவ்வளவு நாள் இல்லையென்றால் 60 டிகிரி வெந்நீரில் 10 நொடி, அல்லது 49 டிகிரியில் 2 நிமிடம்.

ரீல் விஷயத்தில் 5 நாள் போதுமா என்பதைத் தொட்டுப் பாருங்கள். நிறையச் சுற்றிய ஸ்பூலின் உள்ளடுக்குகளுக்குக் காற்று போகாது, வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த நாள் நீருக்குள் போன நீளம் முழுவதையும், டிப்சி கோலில் அது 250 அடி, புல்வெளியில் இழுத்து விட்டு, ஈரமில்லாத துணியால் வழித்து, வெயிலில் காயவைத்துப் பிறகு சுற்றுங்கள். ரிக்கர் கம்பியையும் அப்படியே. வழித்த துணியும் குப்பைக்குத்தான் போக வேண்டும், அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்லும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.